மேற்கு ஆப்பிரிக்கக் கடலைக் கறிக்குழம்பு: வீட்டில் சரியாக வர என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமையல் குறிப்பைப் பார்த்து, கடையில் வாங்கிய பீனட் பட்டர், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி சேர்த்து மேற்கு ஆப்பிரிக்கக் கடலைக் குழம்பு வைத்திருக்கிறீர்கள். குழம்பு தித்தித்தது, வாயில் பிசுபிசுவென்று ஒட்டியது, பச்சை வாடை போகவில்லை, அடியும் பிடித்தது. அங்கே வீடுகளில் எப்படிச் செய்கிறார்கள், நம் நிலக்கடலையை மிக்ஸியில் அரைத்தே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், கடை பீனட் பட்டரைவிட நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் இரண்டு, பிசுபிசுப்பும் பச்சை வாடையும், ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கடலை வேகும் முன்பே குழம்பை இறக்கிவிட்டீர்கள். அதனால் கடலை வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி போகும்.

நான் சமையல் தொழிலில் இருப்பவன். செனகல் தலைநகர் டாக்கரில் ஒரு சமையற்கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த செனகல் பெண்களிடம் கற்றதுதான் இந்தக் குழம்பு, அப்புறம் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்வது டாக்கர் வழி. அங்கே இதன் பெயர் மாஃபே. பக்கத்து நாடான மாலியில் திகாதேகேனா என்கிறார்கள், காம்பியாவில் டொமொடா. கானாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ங்கட்டென்க்வான் இன்னும் தண்ணியாக, சூப் பதத்தில் இருக்கும், வெந்த கிழங்கை இடித்துச் செய்யும் களியான ஃபுஃபுவோடு சாப்பிடுவார்கள். கானா வகையை நான் விரும்பிச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர தொடர்ந்து சமைத்ததில்லை, எனவே அதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: காம்பியாவின் டொமொடாவில் கடலை உண்டு. செனகலில் அதே பெயரில் வைக்கும் குழம்பு தக்காளியும் மாவும் போட்டுக் கெட்டியாக்குவது, அதில் கடலை கிடையாது. இரண்டையும் கலந்து எழுதிய குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். கடலைக் குழம்பில் மைதா கரைத்து ஊற்றச் சொன்னால் அந்தக் குறிப்பை மூடிவிடலாம்.

சரி, விழுதுக்கு வருவோம். டாக்கர் சந்தைகளில் வறுத்து அரைத்த கடலை விழுதைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்பார்கள். அதில் கடலையைத் தவிர வேறெதுவும் இருக்காது. கடையில் ரொட்டிக்குத் தடவ விற்கும் பீனட் பட்டரில் பெரும்பாலும் சர்க்கரை, உப்பு, எண்ணெய் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கெட்டிக் கொழுப்பு மூன்றும் இருக்கும். சர்க்கரை குழம்பைத் தித்திக்க வைத்தது, அது தெளிவு. கெட்டிக் கொழுப்பு செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரியாது: ஜாடிக்குள் எண்ணெய் மேலே மிதக்கக் கூடாது என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள், நமக்கோ பாத்திரத்தில் எண்ணெய் மேலே வந்தாக வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பொருட்கள் பட்டியலில் நிலக்கடலை என்ற ஒன்று மட்டும் இருப்பதைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் நின்றிருக்க வேண்டும்.

வீட்டில் அரைப்பது கஷ்டமே இல்லை. நான்கைந்து பேருக்கு 230 கிராம் அளவு பச்சை நிலக்கடலை போதும், ஏறக்குறைய 200 கிராம் விழுது கிடைக்கும். வறுப்பதற்கு முன் கடலையைத் தட்டில் பரப்பிக் கையால் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாம் குப்பைக்குப் போகட்டும். சொத்தைக் கடலையில் உருவாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நச்சைப் பற்றி உலகம் அறிந்துகொண்டது. அவற்றின் தீவனத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. செனகல் போன்ற கடலை நாடுகளில் இது இன்றும் பெரிய கவலை. ஒரு குழம்புக்கே கால் கிலோ கடலை போகிறது என்பதால் பொறுக்குவதில் சோம்பல் வேண்டாம்.

பொறுக்கிய கடலையை அடி கனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். தோல் தானாக வெடித்து, பருப்பு இளம் பொன்னிறமாக மாறினால் போதும். கருகினால் அந்தக் கசப்பை எதனாலும் எடுக்க முடியாது. கை பொறுக்கும் சூட்டில் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு ஜாடியின் ஓரத்தில் ஒட்டும். இந்த இடத்தில் பலர் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், ஊற்றாதீர்கள். நிறுத்தி, வழித்துவிட்டு, மோட்டார் சூடு ஆற விட்டு மறுபடி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கடலையின் சொந்த எண்ணெயே வெளிவந்து, கரண்டியிலிருந்து வழியும் விழுதாகிவிடும். குருமாவுக்கு அரைப்பதுபோலத் தண்ணீர் விட்டு அரைத்தால் நெய்ப்பான விழுது வராது, குழம்பில் திப்பி தட்டும்.

இப்போது எண்ணெய் ஏன் மேலே வர வேண்டும் என்பது. நிலக்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். விழுதை வெந்நீரில் கரைத்ததும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதறிவிடுகிறது. புரதம் அந்தத் துளிகளைச் சுற்றிக்கொண்டு ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் ஆரம்பத்தில் குழம்பு வெளுத்து, பால் கலந்தாற்போல் இருக்கும். கொதிக்கக் கொதிக்கப் புரதம் இறுகிச் சுருங்குகிறது, தண்ணீரும் வற்றுகிறது, துளிகள் ஒன்றுகூடி மேலே எழுகின்றன. அந்த எண்ணெயில் தக்காளியின் சிவப்பு ஏறி, குழம்பின்மேல் செம்மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். அதுதான் அடையாளம். மசாலாவை எண்ணெய் பிரிய வதக்கு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே கணக்கு, ஆனால் இங்கே பிரிவது நாம் ஊற்றிய எண்ணெய் இல்லை, கடலைக்குள் இருந்தது. எண்ணெய் எழும் நேரத்தில்தான் பச்சை வாடையும் அண்ணத்தில் ஒட்டும் தன்மையும் போகின்றன. டாக்கரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை, பாத்திரத்தின் மேல்பரப்பைத்தான் பார்த்தார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். அங்கே அதிகம் போடுவது மாட்டுக்கறி, அடுத்தது செம்மறியாட்டுக் கறி. நம் ஊர் வெள்ளாட்டுக்கறியும் நன்றாக வரும். எலும்போடு கூடிய கழுத்துக்கறி, கால்கறி, நெஞ்செலும்பு என்று 750 கிராம் எடுங்கள். வெறும் தொடைக்கறி வேண்டாம், குழம்புக்கு உடம்பு கொடுப்பது எலும்புச் சாறு. கறியில் உப்பு, இடித்த மிளகு, 5 பல் பூண்டு பிசறி ஊறவிடுங்கள். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் 2 மேசைக்கரண்டி மட்டும் ஊற்றுங்கள். 200 கிராம் விழுதிலிருந்து 100 கிராம் அளவு எண்ணெய் வரப்போகிறது என்பது நினைவிருக்கட்டும். கறித் துண்டுகள் எல்லாப் பக்கமும் சிவந்ததும், பொடியாக நறுக்கிய 2 பெரிய வெங்காயத்தைப் போட்டு வதக்கி, தக்காளி பேஸ்ட் 3 மேசைக்கரண்டி சேர்த்து, செங்கல் நிறம் மாறிக் கருஞ்சிவப்பு வரும்வரை கிளறுங்கள். இந்த வதக்கலை அவசரப்படுத்தினால் குழம்பு முழுக்கத் தக்காளிப் புளிப்பு நிற்கும். பேஸ்ட் கிடைக்காவிட்டால் அரை கிலோ நாட்டுத் தக்காளியை அரைத்து, முக்கால்வாசி வற்றக் காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். தக்காளி சாஸ் வேண்டாம், அதில் மறுபடி சர்க்கரை. பிறகு ஒன்றரை லிட்டர் வெந்நீர், ஒரு பிரிஞ்சி இலை, மூடிவைத்துக் கறி முக்கால் பதம் வேகும்வரை.

குக்கர் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிபிடித்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். கறியைக் குக்கரில் வேகவைப்பதில் தவறில்லை, எரிவாயு மிச்சம். ஆனால் கடலை விழுது சேர்த்த பிறகு குக்கரை மூடவே கூடாது. கெட்டியான குழம்பு அடியில் தங்கிக் கருகும், பொங்கி ஆவி போகும் துளையை அடைத்தால் ஆபத்தும்கூட. கறி வெந்ததும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அகலமாக இருந்தால்தான் தண்ணீர் வற்றும், மேல்பரப்பும் தெரியும்.

விழுதை நேராகப் பாத்திரத்தில் போட்டால் கட்டி தட்டும். கொதிக்கும் சாறில் நான்கைந்து கரண்டி ஒரு கிண்ணத்தில் எடுத்து, விழுதை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். முதலில் இறுகும், பயப்பட வேண்டாம், இன்னும் சாறு ஊற்றினால் இளகிவிடும். கரைசலைப் பாத்திரத்தில் ஊற்றியதும் ஒரு கொதி வரட்டும். அப்புறம் தீயைக் குறைத்து, மேலே அங்கங்கே குமிழ் உடையும் அளவில் வைத்து, மூடியைப் பாதி திறந்தபடி விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மரக்கரண்டியால் அடியைத் தொட்டு, சுரண்டுவதுபோலக் கிளறுங்கள். கடலைத் துகள் எப்போதும் அடியில் போய் உட்காரும், மேலாகக் கிளறுவதில் பயனில்லை. இந்தக் கட்டத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். கால் மணியில் ஓரங்களில் மினுமினுப்பு தெரியும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். வட்டங்கள் நடுவிலும் வர வேண்டும், நிறம் வெளிர் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்புக்கு மாற வேண்டும், கரண்டியின் பின்பக்கத்தில் குழம்பு படிந்து நிற்க வேண்டும். ஒரு மணி தாண்டியும் எண்ணெய் வரவில்லை என்றால் தண்ணீர் அதிகம், அல்லது தீ மிகக் குறைவு, அல்லது விழுதில் கலப்பு. முதல் இரண்டுக்கும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைச் சற்றே கூட்டினால் சரியாகும். மூன்றாவதற்கு மருந்து இல்லை.

காய்கள் கண்டிப்பு இல்லை, ஆனால் செனகல் வீடுகளில் காயில்லாத மாஃபேயை நான் அதிகம் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, சில சமயம் கத்தரிக்காய், வெண்டைக்காய். எல்லாமே பெரிய பெரிய துண்டுகள், முட்டைக்கோஸ் கால் காயாக அப்படியே போகும். மரவள்ளியும் கேரட்டும் முட்டைக்கோஸும் விழுது கரைத்து ஊற்றிய சிறிது நேரத்தில், சர்க்கரைவள்ளி பாதியில், வெண்டைக்காய் கடைசி பத்து நிமிடத்தில். வெந்த காயைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் குழம்பைத் தொடர்ந்து கொதிக்க விடுங்கள். எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் சர்க்கரைவள்ளி கரைந்து, இனிப்பும் கெட்டியும் கூடி, எண்ணெய் வந்ததே தெரியாமல் போய்விடும்.

காரத்துக்கு அங்கே போடுவது ஸ்காட்ச் பானட் வகை மிளகாய், முழுசாக, காம்போடு. குழம்பின்மேல் மிதக்கவிட்டு, உடையாமல் வெளியே எடுத்து, வேண்டியவர் தட்டில் நசுக்கிக்கொள்வார்கள். குழம்பில் இறங்குவது பழ வாசனையும் கொஞ்சம் காரமும்தான். இலங்கையில் நை மிரிஸ் என்று விற்கும் மிளகாய் இதற்கு நெருங்கிய உறவு, கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று பச்சை மிளகாயைக் கீறாமல் போடலாம், வாசனை வேறு மாதிரி இருக்கும். மஞ்சள், மல்லி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். மசாலா சேர்த்தால் கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை, கடலைக் குருமாவாகிவிடும், நீங்கள் கேட்டது அது இல்லையே. தேங்காய்ப்பால் டாக்கர் மாஃபேயில் கிடையாது. கடலையே ஒரு கொழுப்பு, அதன்மேல் இன்னொரு கொழுப்பை ஊற்றினால் எது பிரிந்து வருகிறது என்றே தெரியாது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவது வீட்டுக்கு வீடு மாறுவது, இதுதான் சரி என்று யாராலும் சாதிக்க முடியாது. சில சமையல்காரர்கள் நெதெது போடுவார்கள், ஒரு மர விதையைப் புளிக்கவைத்துச் செய்யும் கறுப்பு உருண்டை, மாலியில் சும்பாலா என்பார்கள். சிலர் கெஜ் என்ற உப்புக் கருவாட்டில் ஒரு துண்டு போடுவார்கள். கறி போடும் குழம்புக்கு இவை தேவையில்லை என்பவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி. ஆழமான ருசி வேண்டுமென்றால் உப்பு குறைந்த கருவாடு சிறு துண்டு போட்டுப் பார்க்கலாம். ஸ்டாக் க்யூபைப் பலரும் போடுகிறார்கள், எலும்பு நன்றாக இருந்தால் அதை விட்டுவிடலாம். போடுவதானால் உப்பைக் கடைசியில் பாருங்கள். காம்பியாக்காரர்கள் இறக்கும்போது எலுமிச்சை பிழிவதுண்டு. செனகல் வழக்கம் இல்லாவிட்டாலும், குழம்பு கனமாகத் தோன்றினால் அரை மூடி பிழிவது நல்ல யோசனை.

இந்தக் குழம்பு எங்கே பிறந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். மாலிப் பகுதியில் வாழும் பம்பரா, மாண்டின்கா மக்களிடமிருந்து பரவியது என்பது பொதுவான கருத்து, நானும் அதையே நம்புகிறேன். அதைத் தாண்டி ஊர், ஆண்டு எல்லாம் குறித்துச் சொன்னால் அது ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது, நிலக்கடலை ஆப்பிரிக்கப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அங்கே போனது. அதற்கு முன்பே மண்ணுக்கடியில் காய்க்கும் வேறொரு பயறு, பம்பராக் கடலை, அங்கே விளைந்தது. மதுரைச் சுல்தான் காலத்தில் நம் பக்கம் வந்துபோன மொராக்கோப் பயணி இப்னு பதூதா, 1352இல் மாலிக்குப் போனபோது, மண்ணைத் தோண்டி எடுத்து வறுத்துத் தின்னும் ஒரு பயறைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பம்பராக் கடலைதான் என்று கருதுகிறார்கள். பழைய குழம்பு அதில் செய்தார்கள், பிறகு நிலக்கடலைக்கு மாறினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் பம்பராக் கடலையில் எண்ணெய் நூற்றுக்கு ஆறு ஏழு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. எண்ணெய் எழும்பும் இந்தக் குழம்பு அதிலிருந்து வந்திருக்காது, வந்திருந்தால் பருப்புக் கூட்டு மாதிரி ஒன்றுதான் வந்திருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் செனகலின் வயல்களெல்லாம் ஏற்றுமதிக்கான கடலைக் காடாக மாறின. 1885இல் திறந்த டாக்கர் – செயின்ட் லூயி ரயில் பாதையின் முக்கியச் சரக்கே கடலைதான். அவ்வளவு கடலை விளைந்த ஊரில் குழம்புச் சட்டிக்குள்ளும் அது நிலைத்துவிட்டதில் வியப்பில்லை.

பரிமாற வெறும் வெள்ளைச் சோறு. பாசுமதி வேண்டாம், அதன் வாசனை குழம்போடு மோதும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து இறக்கிய உடைந்த அரிசியில் பழகிய நாக்கு செனகல் நாக்கு. நம் கடைகளில் கிடைக்கும் நொய் அரிசியை உதிரியாக வடித்தால் அதற்கு மிக அருகில் வந்துவிடலாம். அகலமான தட்டில் சோற்றைப் பரப்பி, மேலே குழம்பு, நடுவில் கறியும் எடுத்துவைத்த காய்களும். குடும்பமே அந்த ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருப்பதைச் சாப்பிடுவார்கள், நடுவிலிருக்கும் கறியை வீட்டுப் பெரியவர் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளுவார். விருந்தினர் வருகிறார்கள் என்றால் கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குழம்பின் நிறத்தைப் பார்த்து உள்ளே கடலை இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

மிதக்கும் எண்ணெய் அதிகம் என்று தோன்றினால் இறக்கியபின் பத்து நிமிடம் விட்டு, மேலாகக் கரண்டியால் வழித்துவிடலாம், ருசி குறையாது. வழித்த எண்ணெயில் மறுநாள் முட்டை பொரித்தால் நன்றாக இருக்கும். மிச்சக் குழம்பு ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஆனால் களிபோல இறுகிவிடும். அதை அப்படியே அடுப்பில் வைத்தால் கட்டாயம் அடிபிடிக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கரைத்துவிட்டு, சிறு தீயில், எண்ணெய் மறுபடி மேலே வரும்வரை சுடவையுங்கள்.